பிரசவ அறையிலும் நிறவெறியா?

உலகிலேயே பெரும் பணக்கார நாடு எது என்று பள்ளிச் சிறுவனைக் கேட்டாலும் அமெரிக்கா என்பான். நிலவிலே மனிதனை இறக்கிய நாடு! அந்த நாட்டிலே, பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய் உயிரோடு வீடு திரும்புவாளா என்பதில் அவளுடைய தோலின் நிறத்துக்கும் பங்குண்டு என்று சொன்னால், நாம் மிகைப்படுத்துவதாகச் சிலர் முகம் சுளிப்பார்கள். நமது கணக்கு வேண்டாம். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் வெளியிட்ட கணக்கையே பார்ப்போம். உயிரோடு பிறக்கும் ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும், 2023-ஆம் ஆண்டில் மாண்ட வெள்ளைத் தாய்மார் 14.5 பேர். மாண்ட கருப்புத் தாய்மார் 50.3 பேர். மூன்று மடங்குக்கும் மேல்! அதற்கு முந்தைய ஆண்டு வெள்ளையருக்கு 19, கருப்பருக்கு 49.5. ஓராண்டிலே வெள்ளைத் தாய்மாரின் சாவு குறைந்தது. மகிழ்ச்சிதான். கருப்புத் தாய்மாரின் கணக்கு மட்டும் ஏன் குறைய மறுத்தது?

“ஏழைகள், படிக்காதவர்கள், அதனால் சாகிறார்கள்” என்று சமாதானம் சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயார். ஏழ்மை கொல்லும் என்பது பாட்டாளித் தோழர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை எடுத்த கணக்கு என்ன சொல்கிறது? கல்லூரிப் பட்டம் பெற்ற கருப்புப் பெண்களுக்கு நேர்ந்த கடுமையான பிரசவச் சிக்கல்கள், உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காத வெள்ளைப் பெண்களுக்கு நேர்ந்ததைவிட அதிகம்! பட்டமும் காக்கவில்லை என்றால், பழியை ஏழ்மையின் தலையில் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்க முடியுமா?

பட்டம் இருக்கட்டும், புகழாவது காத்ததா? டென்னிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸை அறியாதார் இல்லை. 2017 செப்டம்பரில் சிசேரியன் மூலம் பெண் குழந்தை பெற்றார். மறுநாள் மூச்சுத் திணறல். நுரையீரலில் இரத்தக் கட்டி வந்து முன்பே ஒருமுறை சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டவர் அவர். ஆகவே, தமக்கு என்ன நேர்கிறது, என்ன சோதனை வேண்டும், என்ன மருந்து வேண்டும் என்று தாமே நர்சிடம் சொன்னார். வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று எண்ணினாராம் அந்த நர்ஸ்! வந்த டாக்டரும் முதலில் காலைத்தான் சோதித்தார். அவர் விடாமல் வற்புறுத்திய பிறகே நுரையீரலைப் படம் எடுத்தார்கள். இருந்தன, கட்டிகள் இருந்தன. உலகமே பெயரறிந்த ஒருத்தி இத்தனை மன்றாட வேண்டியிருந்தது என்றால், ஓட்டலில் தட்டுக் கழுவும் பெண்ணின் சொல் எந்தக் காதில் ஏறும்?

இன்னொன்று. 2016-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே ஒரு கருப்பினப் பெண், இரண்டாவது பிள்ளைக்காக, நல்ல உடல்நிலையில், முன்பே குறித்த நாளில் சிசேரியனுக்குப் போனார். பிற்பகலிலே சிறுநீர்க் குழாயில் இரத்தம் தெரிந்ததைக் கணவர் கண்டார், சொன்னார், கெஞ்சினார். உடனே எடுக்க வேண்டும் என்று எழுதப்பட்ட ஸ்கேன் எடுக்கப்படவே இல்லை. உங்கள் மனைவியைக் கவனிப்பது இப்போது அவசரமல்ல என்று தமக்குச் சொல்லப்பட்டதாக அந்தக் கணவர் பின்னர் கூறினார். நள்ளிரவுக்குப் பிறகு வயிற்றைத் திறந்தபோது உள்ளே லிட்டர் கணக்கில் இரத்தம். அந்தத் தாய் பிழைக்கவில்லை. 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து கணவர் இதைச் சாட்சியமாகச் சொன்னார். குரலை உயர்த்திச் சண்டை போட்டிருக்கலாமே என்று நாம் இங்கிருந்து எளிதாகச் சொல்லிவிடலாம். அந்த நாட்டிலே ஒரு கருப்பன் ஆஸ்பத்திரியில் குரலை உயர்த்தினால் அடுத்து வருவது டாக்டரா, போலீசா என்பதை அவர் நம்மைவிட அறிவார்.

கருப்புப் பெண்களுக்கு இரத்த அழுத்தம் கூடுதலாக வருகிறது என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆபத்து கூடுதல் என்று தெரிந்தால் காதைக் கூடுதலாகத் தீட்டிக்கொள்வதல்லவா மருத்துவம்? இங்கே நடப்பதோ நேர் எதிர். இதற்கு வேர் இருக்கிறது. மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்பட்ட மேரியன் சிம்ஸ், 1840-களில் அலபாமாவின் மாண்ட்கமரியில், அடிமைப் பெண்களின் உடலிலே, மயக்க மருந்து இல்லாமல் அறுத்து அறுத்துத் தொழில் கற்றார். அனார்ச்சா என்ற ஒரே பெண்ணின் மீது மட்டும் முப்பது முறை கத்தி வைத்தார்! அவருடைய சிலை நியூயார்க் பூங்காவிலிருந்து இறங்கியது 2018-இல்தான். சிலை இறங்கிற்று, எண்ணம் இறங்கிற்றா? வர்ஜீனியாப் பல்கலைக் கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்விலே, கருப்பருக்குத் தோல் தடிப்பு என்பது போன்ற கட்டுக்கதைகளில் ஒன்றையாவது நம்பிய மருத்துவ மாணவர்களும் பயிற்சி டாக்டர்களும் ஏறத்தாழப் பாதிப் பேர். தடித்த தோல் என்று நம்புகிறவனுக்கு அவள் வலி எப்படித் தெரியும்?

மனம் மாறினால் எல்லாம் மாறும் என்று உபதேசிப்போருக்கு ஒரு பழைய கதை. தெற்கு மாநிலங்களில் கருப்பருக்குத் தனி வார்டு, இல்லையேல் இடமே இல்லை என்ற கொடுமை இருந்தது. 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் பணமே அந்தத் தனி வார்டுகளைக் கட்டியது! 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1966 ஜூலையில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு தொடங்கியது. நிறம் பார்த்துப் பிரிக்கும் ஆஸ்பத்திரிக்கு அந்தக் காப்பீட்டுப் பணம் கிடையாது என்றது வாஷிங்டன். அவ்வளவுதான்! நூறாண்டு உபதேசம் சாதிக்காததைச் சில மாதத்துக் கஜானா சாதித்தது. நாடெங்கும் ஆஸ்பத்திரிகள் கதவைத் திறந்தன. அதற்குப் பின் மிசிசிப்பியில் கருப்புக் குழந்தைகளின் சாவு வேகமாகக் குறைந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளை டாக்டர்களின் இதயம் ஒரே கோடையில் உருகிவிட்டதா? இல்லை. பணம் நிற்கும் என்ற பயம் வந்தது.

இப்போது கலிபோர்னியாவைப் பாருங்கள். பிரசவம் பார்க்கும் டாக்டரும் நர்சும், தம்மை அறியாமலே மனத்தில் படிந்திருக்கும் பாகுபாட்டைக் களையப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்று 2019-இல் சட்டம் செய்தார்கள். செய்யாவிட்டால் தண்டனை என்ன என்று எழுத மறந்தார்களோ, மறைத்தார்களோ! 2021-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் விசாரிக்கத் தொடங்கியபோது, மிகச் சில ஆஸ்பத்திரிகளே பயிற்சியைத் தொடங்கியிருந்தன. விசாரணைக் கடிதம் கதவைத் தட்டிய பிறகுதான் பலரும் விழுந்தடித்துக்கொண்டு வகுப்பு நடத்தினார்கள். 2024-இல் சட்டத்தைத் திருத்தி அபராதம் சேர்த்தார்கள்: முதல் முறை 5,000 டாலர், மறுபடி மீறினால் 15,000 டாலர். ஒரு சிசேரியனுக்கு அங்கே ஆஸ்பத்திரிக்காரர் நீட்டும் பில்லே அந்த முதல் அபராதத்தைவிடப் பெரிது.