சனியின் நிலாவில் உப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், அனுமந்தை பக்கம் போனவர்களுக்கு உப்பளங்கள் நினைவிருக்கும். பாத்தியில் உப்புநீரைக் கட்டுகிறார்கள். வெயில் தண்ணீரை ஆவியாக்கிக் கொண்டுபோகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஆவி உப்பைத் தூக்கிக்கொண்டு போகாது. உப்பளத் தொழிலாளர் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம்தான், சனிக் கிரகத்தின் பக்கத்தில் ஒரு கடல் ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுத்தது.

வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்குமே காலூன்றத் தரையில்லாத கிரகங்கள். தரை வேண்டுமென்றால் அவற்றின் நிலாக்களுக்குத்தான் போகவேண்டும். சனியின் நிலாக்களில் ஒன்று என்செலடஸ். குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரம்கூட இல்லை. மேலெல்லாம் வெள்ளைப் பனிக்கட்டி. பூமிக்குக் கிடைக்கும் வெயிலில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் அங்கே. அதை நம்பி ஒரு பாத்திகூடக் கட்ட முடியாது!

2005-ல் காசினி விண்கலம் ஓர் அதிசயத்தைப் பார்த்தது. என்செலடஸின் தென்துருவத்தில் பனி வெடிப்புகள் வழியே நீராவியும் பனித்துகளும் பீய்ச்சியடித்தன. உள்ளே கடல் இருக்கிறதா, இல்லை வெறும் பனிக்கட்டிதான் ஆவியாகிறதா?

பூமியிலிருந்து தொலைநோக்கி வழியே அந்த ஆவியில் சோடியத்தைத் தேடினார்கள். இல்லை. ஆனால், என்செலடஸ் கக்கிய துகள்களால் ஆன சனியின் வெளிவளையத்தில் காசினி பிடித்த பனித்துகள்களில் உப்பு இருந்தது. 2009-ல் முடிவு வெளியானது. குழம்பில் போடும் அதே சோடியம் குளோரைடு. கூடவே ஆப்பசோடா வகையறா.

ஆவி உறைந்த துகளாக இருந்தால் உப்பு இருக்காது. உப்பு இருக்கிறதென்றால், கடல்நீர் தெறித்து அப்படியே உறைந்திருக்கவேண்டும். அந்த நீர் அடியில் பாறையைத் தொட்டுக் கரைத்துமிருக்கவேண்டும்.

வெயில் எட்டாத இடத்தில் கடல் உறையாமல் இருப்பது எப்படி? என்செலடஸ் சுமார் 33 மணி நேரத்தில் சனியைச் சுற்றுகிறது. பாதை சரியான வட்டமில்லை. அதனால் சனியின் இழுப்பு கூடிக் குறைந்து அதைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. அந்த உராய்வில் பிறக்கும் சூடுதான் அடுப்பு.

உப்பு, சூடு, தண்ணீர் மூன்றும் சேர்ந்த இடத்தில் உயிர் இருக்குமா? இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்காகவே ஒரு விண்கலம் அழிக்கப்பட்டது. காசினியின் எரிபொருள் தீரும் நிலைக்கு வந்தது. கட்டுப்பாடு இழந்து என்செலடஸில் விழுந்தால், பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிர்கள் அந்தக் கடலைக் கெடுத்துவிடலாம். ஆகவே 2017 செப்டம்பர் 15 அன்று நாசா அதைச் சனிக்குள்ளேயே பாயவிட்டு எரித்துவிட்டது.