காரணம் எழுதப்படாத மரணங்கள்

புனே நகரின் கிழக்கே, ஹடப்சரை ஒட்டி எழுந்து நிற்கிறது மகர்பட்டா. சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் தமது 400 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை ஒன்றுசேர்த்து உருவாக்கிய தனியார் நகரியம் இது. நிலத்தை இழக்காமலேயே நகரமயமாகலாம் என்பதற்கான முன்மாதிரி என முதலாளித்துவப் பத்திரிகைகள் இதனைக் கொண்டாடுகின்றன. அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்களின் பங்கு என்ன என்று அவை கேட்பதில்லை. இங்குள்ள தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களில் ஊழியர் உள்ளே வரும் நேரமும் வெளியேறும் நேரமும் நிமிடக் கணக்கில் பதிவாகின்றன. அந்தக் கட்டடங்களுக்குச் சாந்து சுமந்தவர் தமது தகரக் கொட்டகையில் நாற்பது வயதில் இறந்துபோனால், எதனால் இறந்தார் என்பது பெரும்பாலும் எங்கும் பதிவாவதில்லை.

இது மிகைப்படுத்தல் அல்ல. 2020ஆம் ஆண்டில் நாட்டில் பதிவான 81 லட்சம் மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம் மட்டுமே. அதே ஆண்டில் பதிவானவற்றில் 45 சதவீதம், எவ்வித மருத்துவ கவனிப்பும் இன்றி நிகழ்ந்த மரணங்கள். சான்றளிக்கப்பட்டவற்றின் தரமோ இன்னொரு கதை. ‘இதயம் நின்றுவிட்டது’ என்று எழுதிக் கையெழுத்திடுவது வழக்கமாகிவிட்டது. இறக்கும் எவருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். அது காரணம் ஆகாது.

ஏழை நாட்டிற்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்போர் மகர்பட்டாவிலிருந்து நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அதே புனே மாவட்டத்தில், வடூ என்ற சிற்றூரை மையமாகக் கொண்டு, கே.இ.எம். மருத்துவமனை ஆராய்ச்சி மையம் 2002 முதல் 22 கிராமங்களின் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்து வருகிறது. மரணம் நேர்ந்த வீட்டிற்குப் பயிற்சி பெற்ற களப்பணியாளர் செல்கிறார். காய்ச்சல் எத்தனை நாள், மூச்சுத் திணறல் இருந்ததா, நெஞ்சு வலித்ததா என்று குடும்பத்தாரிடம் விசாரித்து எழுதுகிறார். அதைப் படித்து மருத்துவர்கள் காரணத்தை நிர்ணயிக்கிறார்கள். இதுவே வாய்மொழி உடற்கூறாய்வு. இதற்கு வேண்டியது கேள்விப் படிவமும் பொறுமையான மனிதரும்தான்.

இந்த முறையை நாடு தழுவிய அளவில் கையாண்டது, இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் பிரபாத் ஜா தலைமையிலான ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய ‘பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு’. மலேரியாவால் இந்தியாவில் ஆண்டுக்கு 15,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. எழுபது வயதுக்கு முன்பே 2,05,000 பேர் இறப்பதாக இந்த ஆய்வு 2010இல் கூறியது. அவர்களில் 86 சதவீதத்தினர் எந்த மருத்துவமனையிலும் இறக்கவில்லை. ஆகவே எந்தக் கணக்கிலும் வரவில்லை. பாம்புக்கடி மரணம் ஆண்டுக்கு சுமார் 46,000 என்று 2011இல் வெளிவந்தது. அதைத் தடுப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2024இல்தான் வந்தது. வயலில் வெறுங்காலுடன் நின்றவர்கள் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

தமிழகத்திலும் ஒரு கணக்கு உண்டு. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் 43,000 ஆண்களின் மரணங்களை வேந்தன் கஜலட்சுமி குழுவினர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்பது அதன் முடிவு. பீடித் தொழிலாளர் சங்கங்களைக் கட்டி வளர்த்த இயக்கத்திற்கு இது கசப்பான செய்திதான். ஆயினும் உழைப்பாளியின் நுரையீரல் பற்றிய உண்மையை முதலில் பேச வேண்டியது அவ்வியக்கமே. மாற்று வேலை கோரும் போராட்டமும் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

காரணத்தை மறைப்பது யாருக்கு உதவும் என்பதைக் கொரோனா காட்டிவிட்டது. 2021இல் கொரோனாவால் இறந்தோர் நாடு முழுவதும் 3.32 லட்சம் என்றது ஒன்றிய சுகாதார அமைச்சகம். பின்னர் தலைமைப் பதிவாளர் வெளியிட்ட அறிக்கையிலோ, சான்றளிக்கப்பட்ட 23.4 சதவீத மரணங்களுக்குள் மட்டுமே 4.13 லட்சம் கொரோனா மரணங்கள் இருந்தன. நாட்டின் மொத்தக் கணக்கை விட நான்கில் ஒரு பகுதியின் கணக்கு பெரிது! அந்த ஆண்டு பதிவான மரணங்கள் 1.02 கோடி, முந்தைய ஆண்டைவிட 21 லட்சம் கூடுதல். உலக சுகாதார நிறுவனம் இரண்டு ஆண்டுகளில் 47 லட்சம் மிகை மரணங்கள் என்று மதிப்பிட்டபோது, மோடி அரசு அதன் கணித முறையில் குற்றம் கண்டது. தன்னிடமிருந்த பதிவேட்டை 2025 வரை வெளியிடவில்லை.

2023இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், மருத்துவமனைகள் காரணச் சான்றிதழை இலவசமாக வழங்க வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் மருத்துவரே பார்க்காமல் வீட்டில் இறந்தவருக்கு யார் சான்றளிப்பது? சட்டத்தின் அக்கறை வேறிடத்தில் இருக்கிறது: பதிவுகளை வாக்காளர் பட்டியல், ஆதார், குடும்ப அட்டையுடன் இணைக்கும் தேசியத் தரவுத்தளம்.

புள்ளிவிவரம் ஆய்வாளர்களின் வேலை, போராட்டமே நமது வேலை என்று கருதும் தோழர்களும் உண்டு. இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய எங்கெல்ஸ், மான்செஸ்டரின் மரணக் கணக்குகளைக் கொண்டுதான் முதலாளித்துவத்தின் மீது ‘சமூகக் கொலை’ என்ற குற்றச்சாட்டைச் சுமத்தினார். கல்குவாரித் தொழிலாளியின் மரணம் ‘சிலிகோசிஸ்’ என்று எழுதப்படாதவரை அவரது விதவைக்கு இழப்பீடு கோர முடியாது. ‘மூச்சுத் திணறல்’ என்ற இரு சொற்களில் முதலாளி தப்பிவிடுகிறார்.

வீட்டில் நேரும் ஒவ்வொரு மரணத்திற்கும் வாய்மொழி உடற்கூறாய்வு, அதை முடிவு செய்ய வட்டாரந்தோறும் அரசு மருத்துவர், மாவட்ட வாரியாக ஆண்டு முடிந்த ஆறு மாதத்திற்குள் வெளியீடு: இவற்றைத் தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். களவேலையை ஆஷா ஊழியர்கள் தலையில் இன்னொரு ஊக்கத்தொகைப் பணியாகச் சுமத்த ஒன்றிய அரசு முயலக்கூடும். அவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து, மாத ஊதியம் நிர்ணயித்த பிறகே அந்தப் படிவத்தை அவர்கள் கையில் தர வேண்டும்.