கத்திக்கு முன்பே முடிவாகும் ஆயுள்

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் மருந்துக்கடை வாசலில் சற்று நின்றால் போதும், “கேஸ் டிரபிளுக்கு ஒரு மாத்திரை கொடுங்க” என்ற குரல் கேட்கும். பலருக்கு அது வெறும் அஜீரணம்தான். ஆனால், சிலருக்கு அதுவே இரைப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அறிகுறியை அமுக்குகிறது. புற்றோ வளர்ந்துகொண்டே போகிறது.

இந்தியப் பெருநகரங்களில் இந்நோய் அதிகம் காணப்படுபவற்றில் சென்னையும் ஒன்று. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களிலிருந்து பராமரிக்கும் பதிவேடு இதைச் சொல்கிறது.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஆயுளைத் தீர்மானிப்பதில் முதலிடம், நோய் கண்டறியப்படும் நிலைக்குத்தான். புற்று இரைப்பையின் உட்சுவரைத் தாண்டும் முன்பே அகற்றப்பட்டால், பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள் என்பது ஜப்பானின் அனுபவம். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டால் அந்த வாய்ப்பு சரிகிறது. அடுத்தது அறுவையின் தரம்: வெட்டிய விளிம்பில் புற்று மிஞ்சக் கூடாது, குறைந்தது 16 கணுக்களாவது ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட வேண்டும். கீமோவின் பங்கும் பெரிது. 2006இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 23 விழுக்காட்டினரே ஐந்தாண்டு வாழ்ந்தனர். முன்னும் பின்னும் கீமோ பெற்றவர்களில் அது 36 விழுக்காடு. எடை இழந்து, ரத்தசோகையோடு வருபவர்கள் அறுவையையும் கீமோவையும் தாங்குவது கடினம்.

தேசியப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளைத் தேடுகிறது; இரைப்பையைத் தேடுவதில்லை. தென்கொரியாவில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. இங்கே எல்லோருக்கும் அது இயலாது என்றாலும், அறிகுறி உள்ளவர்களுக்காவது செய்யலாம். நடுவயதில் வாரக்கணக்கில் நீடிக்கும் அஜீரணம், எடைக் குறைவு, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, மலம் கறுத்துப் போவது: இவற்றோடு வருபவருக்குப் புறநகர் அரசு மருத்துவமனைகளிலேயே உடனடி எண்டோஸ்கோப்பி உறுதிசெய்யப்பட வேண்டும். 2021 முதல் வீடு தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் இந்த அறிகுறிகளையும் கேட்டறியட்டும். இரைப்பை முழுதும் அகற்றப்பட்டவருக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும் பி12 ஊசியும் உணவு ஆலோசனையும் வீட்டருகே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கட்டும்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டம் அறுவைச் செலவை ஏற்கிறது. நோயாளி காலம் கடந்து வந்தால், அந்தச் செலவாலும் உயிரைக் காக்க முடியாது. எண்டோஸ்கோப்பியை மக்களுக்கு அருகே கொண்டுவருவதில் அரசு இனியும் தாமதிக்கக் கூடாது.