வலைவழி வரும் சொற்பொருள்

நம் கலாசாலை மாணவர் இக்காலத்தில் அகராதியைப் புரட்டுவது அரிது. கைபேசியில் ஒரு சொல்லைத் தட்டிய அளவில், எங்கோ உள்ள கணினியினின்று அதன் பொருள் வந்து நிற்கின்றது. முதியோருட் சிலர் இதனைக் கல்வியின் வீழ்ச்சியென்று இகழ்வர். நாம் அக்கட்சியினரல்லேம். நிகண்டுச் செய்யுட்களை நெட்டுருப் பண்ணினாலன்றிச் சொற்பொருள் கைவராத காலமும் நம் நாட்டில் இருந்ததன்றோ? வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டிற் சதுரகராதியை அகரவரிசைப்படி இயற்றியபோது, இனி மனனப் பயிற்சி கெட்டொழியும் என்று வருந்தினோரும் இருந்திருத்தல் கூடும். ஆயினும், வந்த பொருள் எவ்வகராதியினது என்று கேளாமலே அதனை எடுத்தெழுதும் வழக்கம் மாணவரிடைப் பரவி வருகின்றது. அதுபற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அகராதிகளை வலைவழி வினவுவதற்கென்றே ஒரு நெறி 1997ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெளியாயிற்று. ரிக் ஃபெயித், பிரெட் மார்ட்டின் என்னும் இருவர் வகுத்த அதற்கு 'டிக்ட்' என்பது பெயர். இணைய நெறி ஆவணங்களுள் அஃது 2229ஆம் எண் பெற்றது. அதன் நடைமுறை மிக எளியது. வினவுவோன் கணினி 2628ஆம் எண்ணுள்ள வாயிலில் வழங்கிக் கணினியை அணுகி, அகராதியின் பெயரையும் சொல்லையும் கூறும். எல்லா அகராதிகளிலும் தேடவேண்டின், பெயருக்கு ஈடாக உடுக்குறி ஒன்று இட்டாற் போதும். வழங்கி, கிடைத்த விளக்கங்கள் இத்தனை என முதலில் அறிவித்துப் பின்னர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். ஒவ்வொன்றன் தலையிலும் அஃது எந்த அகராதியைச் சார்ந்தது என்னும் குறிப்பு நிற்கும். ஒன்றும் அகப்படாவிடின் 552 என்னும் எண் வரும்.

அத்தலைக்குறிப்பே இந்நெறியின் தலையாய சிறப்பென்று நாம் கருதுகின்றோம். இன்று பலர் கையாளும் செயலிகளில் அக்குறிப்பு பொடியெழுத்தில் அடியிற் கிடக்கின்றது, சிலவற்றில் அதுவுமில்லை.

பெயரில் என்ன இருக்கின்றதென்று கேட்பார்க்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். பதிப்புரிமைக் காலம் கழிந்தமையால், வெப்ஸ்டர் ஆங்கில அகராதியின் 1913ஆம் ஆண்டுப் பதிப்பு வலையில் தடையின்றி வழங்குகின்றது. அதிற் கம்ப்யூட்டர் என்னுஞ் சொல்லைத் தேடினால், கணக்கிடும் மனிதன் என்றே பொருள் கிடைக்கும்! பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் தொகுத்த வேர்டுநெட்டோ பொறியை முதலிற் கூறி, மனிதனை அடுத்து வைக்கின்றது. இரண்டும் மெய்யே. ஆண்டும் பெயரும் அறிந்தவனுக்கு அவை ஒரு சொல்லின் வரலாறாகும், அறியாதவனுக்குக் குழப்பமேயாம்.

தமிழுக்கும் இவ்வசதி வாய்த்துளது. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இலட்சத்திற்கு மேற்பட்ட சொற்களை உடையது. அதனையும், ஃபபிரீசியஸ், வின்ஸ்லோ முதலியோர் அகராதிகளையும் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் வலையில் ஏற்றியுள்ளனர். வின்ஸ்லோ ஐயரின் அகராதி 1862ஆம் ஆண்டினது. அக்காலத்து வழக்கை அறிய விரும்புவோர்க்கு அதன் பழமையே பயன்.

ஆனால் வலை இலக்கணம் கற்பியாது. 'கண்டான்' என்று அப்படியே தேடுபவன் வெறுங்கையனாய்த் திரும்புவான். 'காண்' என்னும் பகுதியை அவனே அறிந்து தேடுதல் வேண்டும். சொல்லின் முற்பகுதியைக் கொண்டு தேடும் முறை டிக்ட் நெறியில் உண்டு. 'மரத்தை' என்பதன் முன்னிரண்டெழுத்தை இட்டால் மரம் அகப்படும். 'சென்றான்' என்பதன் முன்னெழுத்துக்களைக் கொண்டு செல் என்பதை எய்துதல் எளிதன்று. எழுத்துப் பிழையோ இதனினுங் கொடியது. 'அறம்' தேடப் புகுந்து 'அரம்' என இடுபவனுக்கு 552 வராது. இரும்பை அராவுங் கருவி வரும். கருவி தன் கடமையைச் செவ்வனே செய்துவிட்டது. இடையின வல்லின வேறுபாட்டை வகுப்பில் வற்புறுத்தும் ஆசிரியரைக் கண்டு நகைக்கும் இளைஞர் இதனைச் சற்றே எண்ணுக.

அச்சுநூலிற் 'செல்' என்பதைத் தேடுவோன் கண்ணிற் செல்லமும் செல்வமும் செல்வாக்கும் தாமே படும். வலை கேட்டதை மட்டுமே தரும். இவ்விழப்புச் சிறிதென்று நாம் எண்ணவில்லை. எனினும் நள்ளிரவில், நூலகம் பூட்டிய பின்னும், பேரகராதி மாணவன் அறைக்கே வருவதற்கு இது பெரிய விலையுமன்று.

ஆகவே நாம் ஆசிரியர்களை வேண்டுவது ஒன்றே. வரும் ஆண்டு முதல், கட்டுரைகளிற் சொற்பொருள் காட்டும் மாணவர் அதனருகே அகராதியின் பெயரையும் பதிப்பாண்டையும் எழுதவேண்டுமென விதித்தல் நன்று. 'வலையிற் கண்டது' என்று மட்டும் எழுதப்பட்ட பொருளுக்கு மதிப்பெண் அளித்தல் வேண்டா.