திரைக் கலைஞரின் சம்மதமும் இணையத்தின் பொறுப்பும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
திரைப்பட நடிகையரும் துணை நடிகையரும் அங்கம் வகிக்கும் சங்கத்தின் நிர்வாகக் குழுவினர், சென்னை.

பெறுநர்:
செயலாளர் அவர்கள், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், புது தில்லி.
செயலாளர் அவர்கள், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், புது தில்லி.

பொருள்: நடிகையரின் அந்தரங்கக் காட்சிகள் சம்மதமின்றி இணையத்தில் பரப்பப்படுவதைத் தடுக்க வேண்டுதல்.

மதிப்புக்குரியீர்,

கதையின் அவசியத்தை உணர்ந்து, இயக்குநரிடம் நம்பிக்கை வைத்து, உடலை மறைக்காத ஒரு காட்சியில் நடிக்க இசையும் நடிகை, அந்தக் கதைக்கு மட்டுமே தம் சம்மதத்தை அளிக்கிறாரேயன்றி, அதைக் கதையினின்றும் அறுத்தெடுத்து, தம் பெயரை மேலே பொறித்து, கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பிக் களிப்பவர்களுக்கு அளிப்பதில்லை. இந்தப் பேதத்தைச் சட்டத்தை நிர்வகிப்போர் மனத்தில் இருத்த வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பத்தின் சாரம்.

தணிக்கையை இறுக்கும்படி நாங்கள் கோரவில்லை. பூலான் தேவியின் வாழ்க்கையைத் தழுவிய ‘பேண்டிட் குவீன்’ படத்தில் ஒரு பெண்ணை நிர்வாணமாக்கி ஊரார் முன் நடத்திச் செல்லும் காட்சி, காமத்தைத் தூண்டுவதற்கன்று, அக்கொடுமையின்மீது அருவருப்பை எழுப்புவதற்கே என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தம் வருங்கால மனைவியுடன் ஆடையின்றித் தோன்றிய புகைப்படத்தை மறுபிரசுரம் செய்த இந்தியப் பத்திரிகைகள் மீதான வழக்கில், நிர்வாணம் என்ற ஒன்றாலேயே எந்தப் படமும் ஆபாசமாகிவிடாது என்று 2014-இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இத்தீர்ப்புகள் கலைக்குக் கிடைத்த காப்பு. அவற்றில் ஓர் எழுத்தும் குறையலாகாது.

ஆனால், படப்பிடிப்புத் தளத்திலிருந்து அவசியமற்றோரை வெளியேற்றி, மானிட்டருக்கும் திரைபோட்டு எடுக்கப்பட்ட காட்சி, சில விநாடித் துணுக்காகி வெளியே வந்தபின், அந்த நடிகை படும் துன்பத்தை யாரிடம் உரைப்பது? துணுக்கு கிடக்கும் ஒவ்வொரு சுட்டியையும் அவரே தேட வேண்டும். தம் உடலின் படத்தைத் தாமே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அடையாள அட்டையுடன் சேர்த்து, முன்பின் அறியாதவர்க்கு அனுப்ப வேண்டும். நீக்கப்பட்ட துணுக்கு வேறொரு கணக்கில் மீண்டும் தோன்றினால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நட்சத்திரத்துக்கு வழக்கறிஞர் உண்டு. அவருக்கு டூப்பாக நின்று அன்றாடச் சம்பளம் பெற்றுச் சென்ற பெண்ணுக்கு யார் உண்டு? வேறொரு பெண்ணின் உடலில் நடிகை ரஷ்மிகா மந்தண்ணாவின் முகத்தைப் பொருத்திய காணொளி 2023 நவம்பரில் பரவியபோது தேசமே பேசியது. அதே வஞ்சம் எங்கள் துணை நடிகையருக்கு நேர்ந்தால் அவர்கள் வசிக்கும் தெரு மட்டுமே பேசும், அதுவும் அவர்களைப் பழித்தே பேசும்.

சட்டம் இல்லாமலில்லை. ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்புவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அச்சட்டத்தின் கீழான 2021-ஆம் ஆண்டு விதிகள், புகார் பெற்ற 24 மணி நேரத்துக்குள் இத்தகைய படங்களை, செயற்கையாய் உருமாற்றப்பட்டவை உட்பட, அகற்றும்படி வகுக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு சுட்டிக்கும் திரும்பத் திரும்ப வந்து முறையிடும்படி விடலாகாது என்று 2023-இல் தில்லி உயர் நீதிமன்றம் உரைத்தது. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம், பெண் வழக்கறிஞர் ஒருவரின் அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்தில் அகற்றப் பணித்தது. நீதிமன்றப் படியேற இயன்றவர்க்குக் கிட்டிய இப்பரிகாரம், இயலாதவர்க்கும் கிட்ட வேண்டும்.

ஆதலின், ஒருமுறை புகார் செய்யப்பட்ட படத்தின் எண்ம அடையாளத்தைப் பதிந்து, அதே படம் எத்தளத்திலும் மீண்டும் ஏறாதபடி தடுக்கும் ஏற்பாட்டை நிறுவனங்களின் கடமையாக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சார்பில் பிறர் புகார் செய்ய விதியே இடமளிப்பதால், சங்கங்களின் புகாரை மறுப்பின்றி ஏற்க வேண்டும். நெருக்கமான காட்சிகளுக்கு எழுத்து மூலமான சம்மதம் பெறுவதையும், படத்தில் இடம்பெறாத பிரதிகளை அழிப்பதையும் தயாரிப்பாளரின் பொறுப்பாக்க வேண்டும்; டூப் கலைஞர்களுக்கும் இவை பொருந்த வேண்டும்.

இவற்றைச் சாக்காக வைத்துச் சான்றிதழ் பெற்ற படத்தையோ, அதுபற்றிய விமர்சனத்தையோ முடக்கலாகாது என்பதையும் அழுத்தமாகத் தெரிவிக்கிறோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் வரையறையற்ற சொற்களால் அமைந்த 66ஏ பிரிவு 2015 மார்ச்சில் செல்லாததாயிற்று. அதே ஆண்டு 857 ஆபாச இணையதளங்களை ஒருசேர முடக்கப் பிறந்த உத்தரவு சில தினங்களிலேயே தளர்த்தப்பட்டது. அகலமாய் வீசப்படும் தடை எங்கள் உறுப்பினர் எவரையும் காப்பதில்லை. குறிப்பிட்ட படத்தை, குறிப்பிட்ட காலத்துக்குள், காரணம் பதிந்து அகற்றும் ஆணையே காக்கும்.

நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு தேதி வழங்குமாறு வேண்டுகிறோம். பாதிக்கப்பட்ட உறுப்பினர்களின் பெயர்களையும் ஆதாரங்களையும் இம்மனுவுடன் இணைக்கவில்லை. தாங்கள் நியமிக்கும் பெண் அதிகாரி ஒருவரிடம் மட்டும் அவற்றை நேரில் ஒப்படைப்போம்.

இங்ஙனம்,
நிர்வாகக் குழுவினர்