தோட்டங்கள் தாமாகக் காலியாகவில்லை

தெப்ராவ், மவுண்ட் ஆஸ்டின், ரிந்திங், ரினி ஆகிய பெயர்கள் இன்று ஜொகூர் பாரு வட்டாரத்து வீடமைப்புப் பகுதிகளுக்கு உரியவை. முன்பு அவை தோட்டங்களின் பெயர்கள். தோட்டம் என்றால் மரங்கள் மட்டுமல்ல. லயங்கள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, இடுகாடு எல்லாம் சேர்ந்த முழு ஊர். அந்த ஊர்கள் மறைந்ததற்கு ஒரு விளக்கம் வழங்கிவருகிறது: ரப்பர் விலை விழுந்தது, இளையோர் நகர மோகத்தில் கிளம்பினர், தோட்டம் காலியானது. மேடைப் பேச்சிலும் வீட்டுப் பேச்சிலும் ஊறிவிட்ட இந்த நம்பிக்கை காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கிறது.

லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பெயர் இருக்கும்வரை கூரை உண்டு; பெயர் நீங்கினால் அதுவும் போகும். மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பத்துக்கும் ஒரு சாண் நிலம் சொந்தமில்லை. இதை விட்டுவிட்டு ‘கிளம்பினார்கள்’ என்று எழுதுவது நேர்மையாகாது.

முதல் அடி தோட்டத் துண்டாடல். 1950களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் விற்ற தோட்டங்களை வாங்கியோர் கூறுபோட்டு மறுவிற்பனை செய்தனர். வேலையும் வீடும் ஒருசேரப் போயின. அப்போது தொழிலாளர்கள் நகரத்துக்கு ஓடவில்லை. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நாட்கூலியிலிருந்து மிச்சம்பிடித்துப் பங்கு சேர்த்தனர். கெடாவின் சீடிம் தோட்டம் அப்படித்தான் வாங்கப்பட்டது. போக நினைப்பவர் தோட்டம் வாங்கப் பணம் கட்டுவாரா?

அடுத்து செம்பனை வந்தது. ரப்பரைவிட அதற்கு ஆள் குறைவாகப் போதும். பிறகு குத்தகைக்காரர்கள் வழியே வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தனர். கூலி உயர வழியில்லாமல் போனது. கடைசியில் பாசிர் கூடாங் துறைமுகம், தொழிற்பேட்டைகள், 2006இல் அறிவிக்கப்பட்ட இஸ்கந்தார் வட்டாரம் என்று நிலத்தின் மதிப்பு ஏறியது. வெட்டுமரத்தைவிட வீட்டுமனைக்கே காசு அதிகம்.

அமெரிக்கப் புல்வெளியின் பாழூர்களோடு இந்தத் தோட்ட ஊர்களைச் சேர்த்துப் பேசுவதும் பிழை. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குடியேறியவர் ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டால் 160 ஏக்கர் அவருடையது. வறட்சியும் கடனும் ரயில்பாதை விலகியதும் அவ்வூர்களைக் கொன்றன. நிலம் மதிப்பிழந்ததால் ஊர் செத்தது. ஜொகூரில் நிலம் மதிப்புப் பெற்றதால் ஊர் செத்தது.

இளையோர் போனது உண்மைதான். பாலம் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளுக்குப் போனவர்கள் ஏராளம். மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை என்ற பிழைப்பில் அது பிள்ளைகள் கண்ட வழி. லயத்தை இடிக்கச் சொன்ன கையெழுத்து அவர்களுடையதல்ல.

வேலைநீக்க இழப்பீட்டுக்கான 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட பணிக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி என்று கணக்கிடுகின்றன. 30 ஆண்டு உழைத்தவருக்கு 600 நாள் கூலி. அந்தக் கணக்கில் வீடு இல்லை.