தண்ணி காட்டும் எஸ்பிரெஸோ

விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். உள்ளே இரண்டு பாய்லர்கள், ஒரு பம்ப், வெப்பத்தை டிகிரி சுத்தமாகக் கண்காணிக்கும் எலெக்ட்ரானிக் மூளை. இத்தாலியக் காபிக் கடையின் சாமர்த்தியம் முழுவதும் சமையல் மேடையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை வீழ்த்தப் பெரிய விபத்து எதுவும் வேண்டாம். பருப்பு வேகாத தண்ணீர் தினமும் ஒரு சொம்பு போதும்.

சித்தூர் - திருப்பதி வட்டாரத்தில் இருக்கும் வெதுருகுப்பத்தில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவது சந்தேகமே. தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். ஆனால் பெயரில் மூங்கில் இருக்கும் ஊரைச் சுற்றி, மாவட்டத்தின் பெரும்பகுதியில் மண்ணுக்குக் கீழே இருப்பது கருங்கல் பாறை. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கி போர்வெல் வழியே மேலே வரும் தண்ணீர், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கீசர் கம்பியில் வெள்ளையாகப் படிவதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் செதிலாக உரிவதும் அதுதான்.

பெங்களூர், சென்னை, அமெரிக்கா என்று வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும்போது காபி ருசியையும் கொண்டுவருகிறார்கள். அப்படி ஒருவர் இரட்டை பாய்லர் எஸ்பிரெஸோ இயந்திரம் ஒன்றை இந்தப் பக்கத்துக் கிராமத்து வீட்டில் இறக்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மிக்ஸி ரிப்பேர் செய்பவர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். இதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் பெரும்பாலும் பெருநகரத்தில்தான். வாங்கியவரே பாதி மெக்கானிக் ஆகாவிட்டால் பணம் பாழ்.

முதலில், எதற்கு இரண்டு பாய்லர்? எஸ்பிரெஸோ இறங்கச் சுமார் 93 டிகிரி செல்சியஸ் தண்ணீர் வேண்டும். அதை ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில், நன்றாக அரைத்து இறுக்கிய தூளின் வழியே 25 முதல் 30 விநாடிக்குள் செலுத்த வேண்டும். பாலை நுரைக்க வைக்கும் நீராவிக்கோ 120 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒரே பாய்லர் என்றால் காபிக்கு ஒரு சூடு, பாலுக்கு ஒரு சூடு என்று ஏறி இறங்குவதற்குள் காபி ஆறிவிடும்.

இந்தச் சிக்கலோடு இத்தாலியர்கள் பல தலைமுறைகள் மல்லுக்கட்டினார்கள். டூரின் நகரின் ஆஞ்ஜெலோ மோரியோண்டோ 1884-ல் நீராவிக் காபி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901-ல் மிலானின் லுயீஜி பெஸெரா, ஒவ்வொரு கோப்பையாக இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1961-ல் ஃபேமா நிறுவனத்தின் ஈ-61 மாடல், அழுத்தம் தரும் வேலையை மின் பம்பிடம் ஒப்படைத்தது. ஃபிளாரன்ஸின் லா மார்ஸோக்கோ, காபிக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று என இரண்டு பாய்லர்களைப் பிரித்துவைத்தது 1970-ல். கடைக்காகப் பிறந்த அந்த ஏற்பாடுதான் இன்று அளவில் சுருங்கி வீட்டுக்குள் வந்திருக்கிறது.

கறுப்புக் காபி குடிப்பவருக்கு முதல் பாய்லர்தான் எல்லாமே. பாலில்லாத காபியைக் காபி என்றே ஒப்புக்கொள்ளாத வீட்டில் ஓயாமல் உழைப்பது இரண்டாவது, அதாவது நீராவி பாய்லர். ஆபத்தும் அங்கேதான். நீராவியாக வெளியே போவது சுத்தமான தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. குறைந்த அளவுக்குப் புதுத் தண்ணீர் ஏறும்போது கூடவே புது உப்பும் ஏறுகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் 100 லிட்டர் உள்ளே போனால், அதோடு போவது 30 கிராம். அதில் கணிசமான பகுதி சூட்டில் சுண்ணாம்புப் படிவமாக இறுகிச் சூடாக்கும் கம்பியைப் போர்த்துகிறது. ஊசித் துளை போன்ற பாதைகளை அடைக்கிறது. வால்வுகளைச் சரியாக மூடவிடாமல் செய்கிறது.

குடிக்க நல்ல தண்ணீர் என்பதால் இயந்திரத்துக்கும் நல்லது என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கிறது. மனிதனின் வயிறு அதைத் தாங்கும். பாய்லர் தாங்காது. அதற்கு 50 முதல் 100 வரை இருந்தால் உத்தமம்.

இரண்டாவது தவறு, அதற்கு நேர் எதிரானது. ஆந்திர கிராமங்களில் ஆர்.ஓ. தண்ணீர் புதிதல்ல. 20 லிட்டர் 2 ரூபாய் என்று என்.டி.ஆர். சுஜலா திட்டத்தை மாநில அரசு தொடங்கியது 2014-ல். தனியார் கேன்களும் வீடு தேடி வருகின்றன. உப்பே இல்லாத கேன் தண்ணீரை ஊற்றினால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் அங்கே வேறொரு பிரச்சினை ஆரம்பமாகிறது.

நீராவி பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் உலோகக் குச்சி ஒன்று தொங்குகிறது. தண்ணீர் அதைத் தொட்டதும் மிகச் சிறிய மின்சாரம் தண்ணீர் வழியே பாய்லரின் உடலுக்குப் பாய்கிறது. ‘நிறைந்துவிட்டது’ என்று மின்னணு மூளை பம்பை நிறுத்துகிறது. தண்ணீரில் மின்சாரத்தைக் கடத்துவது கரைந்திருக்கும் உப்புதான். அது அறவே இல்லாவிட்டால் பாய்லர் நிரம்பிய பிறகும் மூளைக்குச் செய்தி போகாது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். நீராவிக் குழாய் வெந்நீரைத் துப்பும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குச்சியின் மேல் சுண்ணாம்பு படிந்தாலும் இதேதான் நடக்கும். அறிகுறி ஒன்று, காரணங்கள் நேர் எதிர். தண்ணீரைப் பற்றித் தெரியாமல் இயந்திரத்தைப் பிரித்தால் எதுவும் விளங்காது.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஸ்பேனர் செட் அல்ல, சொட்டு மருந்து போல விட்டுப் பார்க்கும் கடினத்தன்மைப் பரிசோதனை மருந்து. மீன் தொட்டிக் கடைகளில்கூடக் கிடைக்கும். மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் மட்டும் போதாது; அதற்குக் கால்சியமும் சோடியமும் ஒன்றுதான். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்துக்குப் பிறகு அரசின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடங்கள் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. அங்கே கொடுத்தால் குளோரைடு அளவும் தெரிந்துவிடும். குளோரைடு அதிகமானால் எவர்சில்வர் பாய்லரிலேயே புள்ளி புள்ளியாக அரிப்பு விழும்.

பிறகு கலவைக் கணக்கு. போர் தண்ணீரின் கடினத்தன்மை 400, ஆர்.ஓ. தண்ணீரில் 10 என்றால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு கலந்தால் 88 வரும். குளோரைடு அதிகமுள்ள ஊரில் இந்த வழி வேண்டாம். அங்கே ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 0.1 கிராம், அதாவது 20 லிட்டர் கேனுக்கு 2 கிராம், உணவுத் தரமுள்ள பொட்டாசியம் பைகார்பனேட் கலப்பது அனுபவஸ்தர்களின் கைமருந்து. மட்டக் குச்சிக்கு வேண்டிய மின்கடத்தல் கிடைத்துவிடும், சுண்ணாம்பும் படியாது.

தண்ணீர் சரி என்றால் அடுத்த சந்தேகம் கரண்ட். சூடாக்கியின் சக்தி வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 1,500 வாட் தரும் சூடாக்கி, 180 வோல்ட்டில் தருவது சுமார் 920 வாட்தான். மாலையில் பம்ப் செட்டுகள் ஓடும்போது நீராவி சோர்ந்துபோனால், பழியைக் கம்பியின் மேல் போடுமுன் சுவரில் வோல்டேஜ் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து சுமந்து வந்த 120 வோல்ட் இயந்திரத்தை நேராகச் சொருகினால் கதை ஒரு நொடியில் முடியும். மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி பாய்ந்து கம்பி கருகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் வோல்டேஜ்தான் மாறும். 60 சுழற்சிக்குப் பிறந்த பம்ப், இங்கே 50 சுழற்சியில்தான் ஓடியாக வேண்டும்.

காபி சொட்டுச் சொட்டாக இறங்குகிறதா? தூள் வைக்கும் கைப்பிடியைக் கழற்றிவிட்டு வெறும் தண்ணீரை விட்டுப் பார்க்கலாம். தாராளமாக வந்தால் இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. தூளை மிக நைசாக அரைத்ததுதான் காரணம். அப்போதும் சொட்டினால் சல்லடை அடைத்திருக்கலாம், அல்லது உள்ளே சுண்ணாம்பு. கைப்பிடியின் ஓரத்தில் கசிந்தால் ரப்பர் காஸ்கெட் இறுகிவிட்டது என்று அர்த்தம். குக்கர் காஸ்கெட் மாற்றத் தெரிந்த வீட்டுக்கு அது பெரிய வித்தையல்ல. நீராவி பாய்லர் சூடேறும்போது கொஞ்ச நேரம் ‘உஸ்’ என்று சத்தம் வருவது இயல்பு. காற்றை வெளியேற்றும் சிறு வால்வு அழுத்தம் ஏறியதும் தானே மூடிக்கொள்ளும். மூடாமல் சீறிக்கொண்டே இருந்தால் அதில் அழுக்கோ சுண்ணாம்போ சிக்கியிருக்கிறது.

தினமும் செய்ய வேண்டியது ஒன்றுதான். இயந்திரத்தில் வெந்நீர்க் குழாய் இருந்தால், நீராவி பாய்லரிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொட்டிவிட வேண்டும். தேங்கும் உப்பில் ஒரு பகுதி அதோடு வெளியேறும். படிந்துபோன சுண்ணாம்பைக் கரைக்கச் சிட்ரிக் அமிலம் உண்டு. ஆனால் கையேடு அனுமதித்தால் மட்டுமே அதைத் தொடலாம். பாதி கரைந்த செதில் பெயர்ந்து போய் ஊசித் துளையில் உட்கார்ந்தால், இருந்த நோயைவிட வந்த வைத்தியம் மோசமாகிவிடும்.

எல்லை ஒன்று உண்டு. மூடி கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி, பாய்லர் முழுக்க ஆறி அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதிக அழுத்தத்தில் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு ஒழுகுகிறது என்று அதை அடைப்பது, குக்கர் வெயிட்டின் மேல் அம்மிக்கல் வைப்பதற்குச் சமம். சுவிட்ச் போட்டதும் டிரிப் ஆகிறது என்று எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது அதைவிட மோசம். உலோகப் பெட்டி, தண்ணீர், மின்சாரம் மூன்றும் கூடிய இடத்தில் அந்த ஒரு கம்பிதான் வீட்டாரின் உயிர்க் காவல். இந்த இரண்டு வேலைகளுக்கும் தெரிந்தவர் வரும்வரை இயந்திரம் ஓய்வெடுக்கட்டும்.

அதுவரை காபிக்குப் பஞ்சமில்லை. அலமாரியில் பித்தளை ஃபில்டர் இருக்கிறது. அதில் பம்ப் இல்லை, பாய்லர் இல்லை, மட்டக் குச்சி இல்லை. ஓட்டை அடைத்தால் ஒரு ஊசி போதும். ஆனால் அதற்கும் நல்ல தண்ணீரைத் தனியாக எடுத்துவைத்த பாட்டிமார்கள் அந்த ஊர்களில் இருந்தார்கள். லட்ச ரூபாய் இயந்திரம் கேட்பதும் அதே மரியாதையைத்தான்.